"செய்யும்" என்று சொல்வதற்கு முன்: தொழில்நுட்பம் விற்க வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்த வேலைக்கு வந்த முதல் ஆண்டில் என்னை மாட்டிவிட்டது ஒரே ஒரு வினைச்சொல். சரக்கு இருப்புக் கணக்கு பார்க்கும் மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தேன். இரண்டு கிடங்கு வைத்திருந்த உதிரிபாக வியாபாரி ஒருவர் டெமோ முடிந்ததும் கேட்டார்: "ஒரு கிடங்குல இருந்து இன்னொண்ணுக்குச் சரக்கு அனுப்பினா, ரெண்டு பக்கமும் கணக்கு தானா மாறுமா தம்பி?"

"மாறும் சார்" என்றேன்.

தமிழில் 'மாறும்' என்றால் இப்போதே மாறுகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், இனிமேல் மாறும் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பதிப்பில் அந்த வசதி வருகிறது என்று எங்கள் டெவலப்பர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் நான் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. அவரோ இப்போதே இருக்கிறது என்று நம்பி முன்பணம் கொடுத்துவிட்டார். அடுத்த பதிப்பு வர ஐந்து மாதம் ஆனது. அதுவரை அவருடைய ஆள் ஒருவர் தினமும் சாயங்காலம் ஒரு நீள நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கிடங்கில் கழித்ததை இன்னொரு கிடங்கில் கூட்டி, பிறகு அதையே கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். முன்பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தோம். என் கமிஷனும் போனது. அந்த வியாபாரி சண்டை கூடப் போடவில்லை. போனை எடுப்பதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

நீங்கள் விற்பது மென்பொருளாக இருக்கலாம், லேப்டாப்பாக, ரூட்டராக, கேமராவாக இருக்கலாம். கீழே உள்ள வரிசை எல்லாவற்றுக்கும் பொருந்தும். முதல் இரண்டு படிகளை விட்டுவிட்டால் பின்னால் வருகிற காகிதங்களால் பெரிய பயன் இருக்காது.

1. ஒரு வாரம் நீங்களே வாடிக்கையாளராக இருங்கள்

பயிற்சியில் கொடுக்கும் கையேட்டைப் படித்துவிட்டு விற்கக் கிளம்பாதீர்கள். கையேட்டில் பொருள் என்ன செய்யும் என்பது மட்டும்தான் இருக்கும். என்ன செய்யாது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மென்பொருள் என்றால் புதிதாக ஒரு கணக்கு திறந்து 200 வரி தரவை உள்ளே போடுங்கள். சுத்தமான தரவு வேண்டாம், தப்பும் தவறுமாக இருக்கட்டும். இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள். ஒரே ரசீதை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்திப் பாருங்கள். பழைய போனில் திறந்து பாருங்கள். முக்கியமாக, போட்ட தரவு அத்தனையையும் வெளியே எடுக்க முயலுங்கள். பல மென்பொருள்கள் தரவை உள்ளே விடும்போது காட்டும் தாராளத்தை வெளியே விடும்போது காட்டுவதில்லை.

அப்புறம், உங்கள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் போன்களை எடுக்கும் உதவிப் பிரிவு இருக்கும் இல்லையா, அங்கே அரை நாள் உட்காருங்கள். விற்பனைக் கூட்டத்தில் பத்து முறை உட்கார்ந்தாலும் தெரியாதது அங்கே தெரியும். அடிக்கடி வருகிற பத்துப் புகார்களை எழுதிக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் 'முடியாது' பட்டியலின் முதல் வரைவு.

செலவு: ஒரு வாரம். முதல் மாத இலக்கு கொஞ்சம் அடிபடும். பரவாயில்லை.

2. பதில் மூன்று வகைதான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்

வாடிக்கையாளர் எந்த வசதியைப் பற்றிக் கேட்டாலும் பதில் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்று இருக்கிறது, இப்போதே காட்டுகிறேன்.

இன்று இல்லை. செய்து தர முடியும். இத்தனை நாள் ஆகும், செலவு இன்னாருடையது.

இல்லை, வரப்போவதும் இல்லை.

'செய்யும்', 'வரும்', 'மாறும்', 'பண்ணிக்கலாம்' இந்த நான்கையும் விற்பனைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். 'பண்ணிக்கலாம்' இவற்றில் மோசமானது. யார் பண்ணுவது, எப்போது, யார் காசில் என்ற மூன்றையும் அது ஒரே மூச்சில் மறைத்துவிடும். சொல்லிப் பழக்கமானவர்களுக்கு இந்தப் பழக்கத்தை விட்டொழிக்க இரண்டு மாதமாவது ஆகும். எனக்கு அதைவிடக் கூடவே ஆனது.

தெரியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை, நாளை மதியம் இரண்டு மணிக்குள் சொல்கிறேன்" என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். சொன்னபடி சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் இரண்டு மணிக்குப் போன் செய்து, இன்னும் கிடைக்கவில்லை என்றாவது சொல்லுங்கள். 'தெரியாது' என்று சொன்னதற்காக ஒருவரும் என்னிடம் ஆர்டரை ரத்து செய்ததில்லை. தெரிந்த மாதிரி சொன்னதற்காகச் செய்திருக்கிறார்கள்.

மேலதிகாரி "இருக்குன்னு சொல்லு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் என்ன செய்வது? வாக்குவாதம் வேண்டாம். அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இந்த வசதி எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் வருகிறது என்று தெரிந்தால் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தாளில் எழுதிவிடுகிறேன்." தேதி கொடுத்தால் நல்லது, அதை எழுதுங்கள். கொடுக்காவிட்டால் பெரும்பாலும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எப்படியானாலும் பின்னால் பழி விழும்போது உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

3. டெமோவில் எது நிஜம், எது ஜோடனை என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

நிக்கோலா என்ற அமெரிக்க நிறுவனம் 2018-இல் தன் மின்சார லாரி சாலையில் போவதுபோல் ஒரு வீடியோ வெளியிட்டது. உண்மையில் லாரியை ஒரு சரிவின் உச்சிக்கு இழுத்துக்கொண்டுபோய் உருளவிட்டிருந்தார்கள். 2020-இல் விஷயம் வெளியானபோது, சொந்த சக்தியில் ஓடுகிறது என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லையே என்றது நிறுவனம். என்னுடைய 'மாறும்' மாதிரியேதான். முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக அதன் நிறுவனர் 2022-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2025-இல் அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. நிறுவனம் அதே ஆண்டு திவாலானது.

நாமெல்லாம் லாரியை உருட்டுவதில்லை. ஆனால் முன்பே நிரப்பி வைத்த தரவை வைத்து 'பாருங்க, ரெண்டு வினாடியில ரிப்போர்ட் வந்துடுச்சு' என்போம். ஐம்பது வரித் தரவுக்கு இரண்டு வினாடி. வாடிக்கையாளரிடம் இருப்பதோ ஐந்து லட்சம் வரி.

ஆகவே டெமோ தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "இது மாதிரித் தரவு. இந்தத் திரை முடிந்தது. அடுத்து வருவது இன்னும் வடிவமைப்புப் படம்தான், அழுத்தினால் ஒன்றும் நடக்காது." முடிந்தால் டெமோவுக்கு இரண்டு நாள் முன்பு அவருடைய தரவிலிருந்தே ஒரு மாத அளவு கேட்டு வாங்கி ஏற்றிக் காட்டுங்கள். வாடிக்கையாளர் பெயர்களும் போன் எண்களும் இருந்தால் அழித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள், டெமோ முடிந்ததும் நீங்களும் அந்தத் தரவை அழித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டெமோ நடுவில் ஏதாவது உடைந்தால் 'நெட்வொர்க் பிராப்ளம்' என்று சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவர் தன் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார்.

4. பெட்டியில் அச்சிட்ட எண்களை மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்

இந்தத் தொழிலில் பொய்யே சொல்லாமல் ஏமாற்ற வசதியான இடம் எண்கள்தான். பெட்டியில் இருப்பது உண்மை. வாங்குபவர் புரிந்துகொள்வது வேறு. நடுவில் நிற்பது நீங்கள்.

1 டெராபைட் வட்டு வாங்கியவர் விண்டோஸில் மாட்டிப் பார்த்தால் 931 ஜிபி என்று காட்டும். யாரும் எதையும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 512 ஜிபி லேப்டாப் 476 என்று காட்டும், அதிலும் இயங்குதளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மேக்கில் ஆயிரக் கணக்குதான் என்பதால் இந்தக் கேள்வி எழாது. விற்கும்போது ஒரு வரி சொன்னால் இது தகவல். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு சொன்னால் சமாளிப்பு.

இணைய வேகம் 100 எம்பிபிஎஸ் என்றால் அது பிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுக்க வேண்டும். ஒரு வினாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். வைஃபை ரூட்டர் பெட்டியில் 3000 என்று போட்டிருந்தால் அது எல்லா அலைவரிசைகளையும் கூட்டிச் சொன்ன ஏட்டுக் கணக்கு. எந்த ஒரு லேப்டாப்புக்கும் அந்த வேகம் வராது, சுவருக்கு அந்தப் பக்கம் நிச்சயமாக வராது.

10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு. யுஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் வெளியே வரும்போது 7,400 ஆகிறது, மாற்றத்தில் ஏற்படும் இழப்பும் போனால் இன்னும் குறைகிறது. 5,000 எம்ஏஎச் போனை 'ரெண்டு தடவை ஃபுல்லா ஏத்தலாம்' என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு முறை முழுசாக, அதற்குமேல் கொஞ்சம்.

தண்ணீர் விவகாரம் தனி. பெட்டியில் போட்டிருக்கும் ஐபி எண் தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு. ஐபி67 என்றால் தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 என்றால் அதைவிடக் கடினமான சோதனை, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிட வேண்டும். இரண்டும் நல்ல தண்ணீரில், சோதனைக் கூடத்தில் நடப்பவை. கடலும் நீச்சல் குளமும் வேறு கதை. கேலக்ஸி போன்களைக் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பதுபோல் விளம்பரம் செய்ததற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022-இல் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நனைந்த நிலையில் சார்ஜ் போட்டால் சார்ஜிங் துளை அரித்துப்போகும் வாய்ப்பு இருந்தது. விளம்பரங்கள் அதைச் சொல்லவில்லை. கவுன்டரில் நின்றுகொண்டு 'வாட்டர் ப்ரூஃப் சார்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நீங்களும் அந்த விளம்பரத்தைத்தான் செய்கிறீர்கள்.

சர்வர், கிளவுட் விற்பவர்கள் '99.9 சதவீத நேரம் நிற்காமல் ஓடும்' என்பார்கள். கேட்க முழுசு மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம், ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நின்றுபோகலாம். வெறும் 99 என்றால் மாதத்துக்கு 7 மணி 12 நிமிடம். பல ஒப்பந்தங்களில் முன்னறிவித்த பராமரிப்பு நேரம் இந்தக் கணக்கில் சேராது. சதவீதத்தைச் சொல்லாமல் நிமிடத்தைச் சொல்லுங்கள். "நின்றுபோனால் என்ன இழப்பீடு" என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் தயாராக இருங்கள். பெரும்பாலும் அடுத்த மாதக் கட்டணத்தில் ஒரு சிறு தள்ளுபடிதான் இழப்பீடு, அவருடைய வியாபார நஷ்டத்தை யாரும் தர மாட்டார்கள்.

பழைய கணினி விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத கணினியை விற்றால் அதை ரசீதிலேயே எழுதுங்கள்.

5. 'பாதுகாப்பானது', 'ஏஐ' என்ற இரண்டு சொற்களுக்கும் ஆதாரம் கேளுங்கள்

கேட்க வேண்டியது வாடிக்கையாளரிடம் அல்ல, உங்கள் நிறுவனத்திடம்.

தன் வீடியோ கூட்டங்கள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது பேசுகிறவர்களைத் தவிர நடுவில் யாரும் திறந்து பார்க்க முடியாதவை என்று ஜூம் சொல்லிவந்தது. உண்மையில் கூட்டங்களைத் திறக்கும் சாவிகளை அது தன்னிடமே வைத்திருந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2020 நவம்பரில் சமரச உத்தரவு வந்தது. இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சாவி யாரிடம் இருக்கிறது? 'எங்கள் சர்வரில்' என்பது பதில் என்றால் "நாங்கள் நினைத்தால் படிக்க முடியும், அனுமதியில்லாமல் படிக்க மாட்டோம்" என்பதுதான் நேர்மையான வாக்கியம். கேட்க அழகாக இருக்காது. ஆனால் பலருக்கு அதுவே போதும்.

ஏஐ விஷயத்தில், 'உலகின் முதல் ரோபோ வழக்கறிஞர்' என்று விளம்பரம் செய்த டுநாட்பே நிறுவனம் அதே ஆணையத்திடம் 2024-இல் 1,93,000 டாலர் கட்டச் சம்மதித்தது. அந்த ரோபோ ஒரு மனித வழக்கறிஞருக்கு ஈடாக வேலை செய்கிறதா என்று நிறுவனம் சோதித்தே பார்க்கவில்லை என்பது குற்றச்சாட்டு. உங்கள் பொருளில் 'ஏஐ' என்று இருந்தால் எந்த வேலைக்கு, எவ்வளவு தப்பும், தப்பினால் யார் சரிபார்ப்பது என்ற மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு அப்புறம் விற்கக் கிளம்புங்கள்.

6. கையெழுத்துக்கு முன் நான்கு தாள்கள்

ஒப்பந்தம் வழக்கறிஞர்கள் எழுதுவது, யாரும் படிப்பதில்லை. இவை நீங்கள் எழுதுவது. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நான்கையும் தயாரிக்க முதல் முறை ஒரு முழு நாள் ஆகும், பழகிவிட்டால் இரண்டு மணி நேரம்.

முடியும்–முடியாது தாள். வாடிக்கையாளர் கேட்டவற்றை அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். 'மல்டி லொகேஷன் டிரான்ஸ்ஃபர்' என்று எழுதாதீர்கள், "ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் இரண்டு பக்கமும் தானாக மாற வேண்டும்" என்று எழுதுங்கள். எதிரே இரண்டாம் படியில் சொன்ன மூன்று பதில்களில் ஒன்று. சந்திப்பு நடந்த அன்று இரவே அனுப்புங்கள். மறுநாள் ஆனால் இருவருக்கும் நினைவு வேறு வேறாக இருக்கும்.

மொத்தச் செலவுத் தாள். மூன்று ஆண்டுக்குப் போடுங்கள். முதல் ஆண்டு விலையை மட்டும் காட்டுவது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். உரிம விலை 100 என்றால் ஆண்டுப் பராமரிப்பு 15 முதல் 22 வரை போவது சகஜம். அதன் மேல் பழைய தரவை மாற்றி ஏற்றும் கூலி, பயிற்சி, கூடுதல் பயனர், குறுஞ்செய்திக் கட்டணம், வேண்டியபடி மாற்றி எழுதும் செலவு. முதல் ஆண்டுத் தள்ளுபடி இரண்டாம் ஆண்டில் இருக்காது என்றால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வாடிக்கையாளர் பக்கத்து ஆள் நேரமும் செலவுதான். பயிற்சிக்கு நான்கு பேர் மூன்று நாள் உட்கார வேண்டும் என்றால் பன்னிரண்டு ஆள்நாள் என்று எழுதுங்கள். இந்தத் தாளைக் கண்டு சிலர் பின்வாங்குவார்கள். அவர்கள் எட்டாவது மாதத்தில் பின்வாங்கியிருக்க வேண்டியவர்கள், சீக்கிரம் போகிறார்கள்.

காலத் தாள். இரண்டு பத்தி: எங்கள் வேலை, உங்கள் வேலை. தாமதம் பெரும்பாலும் இரண்டாவது பத்தியில்தான் வரும். ஆனால் திட்டு உங்களுக்குத்தான் விழும். அந்த உதிரிபாக வியாபாரியிடம் தரவு ஏற்ற மூன்று வாரம் என்றிருந்தோம். அவருடைய பட்டியலைத் திறந்தால் ஒரே பேரிங் 'பேரிங் 6203', '6203 பேரிங்', 'பேரிங் 6203 இசட்இசட்', '6203 டூஆர்எஸ்' என்று நான்கு பெயரில் இருந்தது. நான்கையும் ஒன்றாக்கிவிடலாம் என்று உற்சாகமாக ஆரம்பித்தோம். அவருடைய கிடங்குக்காரர் பார்த்துவிட்டுத் தடுத்தார். இசட்இசட் இரண்டு பக்கமும் உலோக மூடி, டூஆர்எஸ் ரப்பர் மூடி, இரண்டும் வேறு சரக்கு. முதல் இரண்டு பெயரில் எது எந்த மூடி என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும், அதுவும் அலமாரியைப் பார்த்தால்தான். இப்படி ஆயிரக்கணக்கான வரிகள். மூன்று வாரம் எட்டு வாரம் ஆனது. இப்போதெல்லாம் தரவில் நூறு வரியைக் கண்ணால் பார்க்காமல் காலம் சொல்வதில்லை. அதோடு 'உங்கள் வேலை' பத்தியில் கிடங்கு தெரிந்த ஆள் ஒருவர், தினம் இரண்டு மணி நேரம் என்று எழுதிவிடுகிறேன்.

வெளியேறும் தாள். அவர் நாளை உங்களை விட்டுப் போவதென்றால் தரவு எந்த வடிவில் கிடைக்கும், எத்தனை நாளில், கட்டணம் உண்டா, போன பிறகு உங்கள் சர்வரில் எத்தனை நாள் இருக்கும். கல்யாணப் பேச்சில் விவாகரத்து எதற்கு என்று என் மேலதிகாரி கேட்டார். வாங்குபவர் முகத்தைப் பார்த்தால் தெரியும் எதற்கென்று.

7. பொருந்தாதவரைப் போக விடுங்கள்

முடியும்–முடியாது தாளில் அவருடைய முதல் மூன்று தேவைகளில் ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். எது பொருந்தும் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், போட்டி நிறுவனமாக இருந்தாலும்.

8. விற்ற பிறகு, தெரிந்த பிழைகளை மறைக்காதீர்கள்

பிரிட்டனின் தபால் துறையில் ஃபுஜிட்சு அமைத்த ஹொரைசன் கணக்கு மென்பொருள் 1999 முதல் புழக்கத்துக்கு வந்தது. அது காட்டிய பொய்யான பற்றாக்குறைகளை நம்பி 900-க்கும் மேற்பட்ட கிளை நடத்துநர்களுக்குத் திருட்டு, மோசடி என்று தண்டனை விழுந்தது. மென்பொருளில் பிழைகள் இருப்பது உள்ளே சிலருக்குத் தெரிந்தே இருந்தது. வெளியே 'நம்பகமான அமைப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் விற்பது அவ்வளவு பெரியதாக இருக்காது. ஆனாலும் கணக்கில், பணத்தில், இருப்பில் கைவைக்கும் பிழை ஒன்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லுங்கள்: என்ன பிழை, எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பதிவுகளைச் சரிபார்க்க வேண்டும், எப்போது சரியாகும். சரிசெய்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அதற்குள் யாரோ ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் அந்தத் தொகையைப் பிடித்திருப்பார்கள்.

9. முப்பதாவது நாள் நேரில் போங்கள்

போனில் கேட்டால் 'நல்லா போகுது' என்பார்கள். நேரில் போய், முதலாளி அறையில் உட்காராமல், பொருளைத் தினமும் தொடுகிறவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். முடியும்–முடியாது தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அவரிடமே செய்து காட்டச் சொல்லுங்கள். கிளம்பும் முன் மேசையைப் பாருங்கள். கணினிக்குப் பக்கத்தில் நீள நோட்டு ஏதாவது இருந்தால், அதில் என்ன எழுதுகிறார் என்று கேளுங்கள்.